நூற்றுப் பதினான்காவது கூட்டம்

சட்டையின் இடது கை ஏறவில்லை. மகள் தோளைத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் துணியை இழுத்துப் பார்த்தாள். அக்குளில் தையல் பிரியும் சத்தம் கேட்டது. முழங்கை விறைத்துவிட்டது. விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்த கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. செத்த பிறகும் அவருக்கு நாலு இடத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது.

"முதுகுப் பக்கம் கத்தரிச்சுடலாம்மா. முன்னாடி பார்த்தா தெரியாது."

"நல்ல சட்டைடி."

"அம்மா!"

கத்தரிக்கோல் தேட மகள் எழுந்தபோது கூடத்திலிருந்து பல்கலைக்கழகப் பதிவாளரின் குரல் வந்தது. மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மனிதர்.

"அன்னிக்கு மட்டும் சார் எந்திரிச்சுப் பேசலைன்னா அந்த விதி தேறியே இருக்காதுங்க. படிப்பைப் பாதியில விட்டவங்க எத்தனை வருஷம் கழிச்சும் திரும்பச் சேரலாம்கிற விதி. பாதிப் பேரவை எதிர்ப்பு. தரம் போயிடும், தரம் போயிடும்னு ஒரே கூப்பாடு. சார் ஒரே வரிதான் சொன்னார். 'கதவைச் சாத்தினது நாம. லேட்டுன்னு திட்டு வாங்குறது அவங்களா?' அவ்வளவுதான். ஹால் கப்சிப்."

"அடேயப்பா" என்றார் யாரோ.

அவள் சட்டையின் வெற்றுக் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வரி அவளுக்குத் தெரியும். அது அவளுடையது.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை. அவர் சாப்பாட்டு மேசையில் கல்விப் பேரவையின் கூட்டப் பொருள் தாள்களை விரித்துவைத்து, வழக்கம்போல் யாருக்கென்றில்லாமல் முணுமுணுத்தார். அஞ்சு வருஷக் கால வரம்பை எடுத்துவிட்டால் பல்கலைக்கழகம் சத்திரமாகிவிடும் என்றார். அவள் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "கதவைச் சாத்துனது நீங்க. லேட்டுன்னு திட்டு வாங்குறது நாங்களா?"

அதை யோசித்துச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் வந்தது. அவள் அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது வயிற்றில் மகள் வந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட மறுநாளே சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் நின்றாள். வரம்பு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த கணவர், "விதி இருக்குல்ல, நான் என்ன பண்ண முடியும்?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

பால் பாத்திரக் காலையில் அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். சாயங்காலம், "கூட்டம் என்னாச்சு?" என்று கேட்டாள். "வழக்கம் போலத்தான்" என்றார்.

விதி மாறிய சேதி அடுத்த வீட்டு மருமகள் மறுபடி காலேஜுக்குக் கிளம்பியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் நாலு வருஷம் போயிருந்தது. மாமியார் படுக்கையில் இருந்தார். அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் விதியை எதிர்த்திருப்பார், தோற்றிருப்பார், அதனால் வாய் திறக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மகள் வந்து சட்டையை முதுகில் கத்தரித்தாள். பொத்தான்களை அவள்தான் போட்டாள், கழுத்து வரைக்கும்.

*

உடலைக் கூடத்தில் கிடத்தி அரை மணி ஆவதற்குள் குறிப்புக்காரி வந்துவிட்டாள்.

அது அவள் மனசுக்குள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர். பேரவைக் கூட்டங்களில் சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்து, பிறகு அதைத் தட்டச்சு செய்யும் எழுத்தராக இருந்தவள். இப்போது அந்தப் பிரிவுக்கே அதிகாரி. ஒவ்வொரு கூட்டம் முடிந்த வாரமும் வரைவைச் சரிபார்க்க அவர் அவளோடு போனில் ஒரு மணி நேரம் உட்காருவார். வீட்டில் "உப்பு" என்றும் "வர்றேன்" என்றும் பேசுகிற மனுஷன் அந்தப் போனில் சிரிப்பார். ஒருநாள் படுக்கையறையில் இருந்த இன்னொரு போனை மெதுவாக எடுத்து ஒட்டுக்கேட்டாள். இருவரும் காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காதல் பேசியிருந்தால்கூடப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். காற்புள்ளிக்கு என்ன சண்டை போடுவது?

பதிவாளர் எழுந்து அவளுக்கு நாற்காலி கொடுத்தார். "இவங்களும் டிகிரியைப் பாதியில விட்டவங்கதான். சார் கொண்டுவந்த விதியில முதல் விண்ணப்பமே இவங்களோடது. சாரே பரிந்துரைக் கையெழுத்துப் போட்டார்" என்று கூடத்துக்கே அறிவித்தார். குறிப்புக்காரி உட்காரவில்லை. காலடியில் போய் நின்று அழுதாள். முகம் கோணாமல், சத்தமில்லாமல், நல்ல அழகாக அழுதாள். அதையும் அவள் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் காலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

சமையலறைக்குப் போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவியவற்றையே மறுபடி கழுவினாள்.

"அக்கா."

இத்தனை வருஷம் போனில் 'மேடம், சார் இருக்காங்களா' என்றவள். ஒரு சாவு வேண்டியிருந்திருக்கிறது, அக்கா ஆவதற்கு.

"என்ன?"

"நாளைக்குக் காலையில பேரவைக் கூட்டம். இரங்கல் தீர்மானம் வாசிக்கணும். வரைவைக் குடும்பத்துல காட்டி ஒப்புதல் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பதிவாளர் இப்பவே இங்கயும் ஒருதடவை வாசிக்கணும்ங்கிறார். தேதி மட்டும் பார்த்தாப் போதும்."

ஒரே தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிறந்த தேதி, பட்டங்கள், பதவிகள். நடுவில், தனிப் பத்தியாக, மேற்கோள் குறிக்குள் அந்த வரி. அவள் சொன்ன 'நீங்க' அதில் 'நாம்' ஆகியிருந்தது, 'நாங்க' போய் 'அவர்கள்' உட்கார்ந்திருந்தது. கடைசியில்: துணைவியார், இல்லத்தரசி, ஒரு மகள்.

"இதை அவர் எப்போ சொன்னார்?"

"நூற்றுப் பதினாலாவது கூட்டம். மூணாவது பொருள்." யோசிக்காமல் வந்தது பதில்.

"இதுக்கு முன்னாடி என்ன சொன்னார்?"

குறிப்புக்காரி கைப்பையை மறு தோளுக்கு மாற்றினாள். குழாய் சொட்டியது.

"நீங்கதானே வாயிலேர்ந்து விழுறதை எல்லாம் பிடிச்சுப் போடுவீங்க. முன்னாடி ஒண்ணுமே சொல்லாமலா எந்திரிச்ச உடனே கதவுன்னு ஆரம்பிச்சார்?"

"சொன்னார். 'காலையில என் வீட்டுக்காரி ஒண்ணு சொன்னா'ன்னு ஆரம்பிச்சார்."

"அது எங்க?"

"குறிப்புல அதெல்லாம் வராதுக்கா. வீட்டு விஷயம், சிரிப்பு, இருமல், யாரு யாரைத் திட்டினாங்க, எல்லாத்தையும் எடுத்துடுவோம். பேசினது யாரு, என்ன கருத்து, என்ன தீர்மானம். அவ்வளவுதான் வழக்கம். அதனால அவர் பேர்ல நின்னுடுச்சு."

"வரைவு அவர்கிட்ட வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"பார்த்துட்டு?"

"ஒரு காற்புள்ளியை மட்டும் எடுக்கச் சொன்னார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கக்கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா ஓடியது.

"உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாத் தெரியும். என் வரியைப் பிடிச்சுக்கிட்டுப் போய் மறுநாளே வரிசையில முதல் ஆளா நின்னிருக்கீங்க. ஒரு போன் பண்ணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? எனக்கும் அப்போ நாப்பத்தோரு வயசுதான்."

"தோணுச்சு." குறிப்புக்காரி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "தோணுச்சு, பண்ணலை. இருபது வருஷத்துக்கு மேல அவர் பேசுறதைக் கேட்டிருக்கேன்கா. யார் என்ன சொன்னாலும் அவர் காதுல ஏறாது. பேரவையே சேர்ந்து கத்தினாலும் ஏறாது. கூட்டத்துக்கு முதல்நாள்கூட எங்கிட்ட, இந்த விதியைக் கிழிச்சுப் போடுறேன் பாருன்னார். மறுநாள் எந்திரிச்சு அப்படியே மாத்திப் பேசினார். அப்போதான் தெரிஞ்சுது, அவரு கேக்குற ஆள் ஒண்ணு வீட்ல இருக்குன்னு."

"கேக்குற ஆளா? நல்லாருக்கு."

"வழக்கப்படிதான் அந்த வார்த்தையை அடிச்சேன். அதை அடிக்காம விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போறதில்லை. ஆனா அடிக்கும்போது கை கொஞ்சம் அழுத்தமாத்தான் அடிச்சுது."

அவள் அந்த முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. கண்மை கரைந்து கன்னத்தில் இழுத்திருந்தது. இத்தனை வருஷம் அவள் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாளோ, அந்த ஆள் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். நடுவில் அந்த மனுஷன் நிம்மதியாக இருந்திருக்கிறார். மனசு லேசாகும் என்று பார்த்தாள். ஆகவில்லை. இவள் பட்டம் வாங்கியவள். அது அப்படியேதான் இருந்தது.

"பழைய குறிப்பைத் திருத்துங்க."

"முடியாதுக்கா. அடுத்த கூட்டத்துல உறுதி பண்ணிட்டாங்கன்னா அதோட சரி. துணைவேந்தரே நினைச்சாலும் ஒரு எழுத்தைத் தொட முடியாது." கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். "இது வரைவுதான். இதுல போட்டுடலாம். 'தம் துணைவியார் கூறியதாக அவர் எடுத்துரைத்த'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும். நான் வேணா எழுதுறேன்."

அவள் அதை மனசுக்குள் ஒருதடவை வாசித்துப் பார்த்தாள். துணைவியார் கூறியதாக அவர் எடுத்துரைத்த. நாளைக்குப் பதிவாளர் அதை வாசிப்பார். ஹாலே உச்சுக்கொட்டும். பொண்டாட்டி சொன்னதைக்கூடச் சபையில மதிச்ச மனுஷன்யா என்பார்கள். அதுவும் அவர் கணக்கில்தான் ஏறும்.

"பேனாவை இப்படிக் குடுங்க."

மேற்கோள் பத்தியின் மேல் ஒரு கோடு போட்டாள். போதவில்லை. பக்கத்தில் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று, எழுத்து ஒன்றும் தெரியாதபடி. பிறகு கடைசி வரிக்குப் போனாள். 'இல்லத்தரசி'யை அடித்துவிட்டு அதன் மேல் எதையோ சின்ன எழுத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கழுவும் தொட்டி மேல் வைத்துப் போட்டதால் தாளின் ஓரம் நனைந்தது.

குறிப்புக்காரி வாங்கிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"குடும்பத்துல ஒப்புதல் வாங்கச் சொன்னாங்கல்ல? வாங்கியாச்சு. இதுல உங்களுக்கு அடிக்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

"இல்லக்கா."

"அப்போ கொண்டுபோய்க் குடுங்க."

*

மூன்றரைக்கு வண்டி வந்துவிட்டது. எடுப்பதற்கு முன் எல்லோரும் கூடத்தில் சுவரோரமாக நின்றார்கள். பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாசித்தார். பிறப்பு. பட்டங்கள். துறைத்தலைவராக எட்டு ஆண்டுகள். பேரவை உறுப்பினராக இருபத்திரண்டு ஆண்டுகள். குரலை ஏற்றிக்கொண்டே வந்தவர் கறுப்புக் கோடுகளில் முட்டி நின்றார். தாளுக்கு மேலாகக் குறிப்புக்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினதை வாசிங்க சார்" என்றாள் அவள், சுவரோரத்திலிருந்து. மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

பதிவாளர் கோடுகளைத் தாண்டினார்.

"அன்னாருக்கு... துணைவியார்..." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "துணைவியார், கணிதம், இரண்டாம் ஆண்டு வரை. மற்றும் ஒரு மகள் உள்ளனர்."

யாரோ இருமினார்கள். ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, பதிவாளர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஈரம் மட்டும் ஓரத்திலிருந்து உள்ளே ஊறியிருந்தது.