பெட்டியில் இருந்த குரல்

"ரெண்டு டிஸ்க்கும் நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் மோகன்குமார். ஒன்று கெட்டுப்போயிருந்தால்கூடத் தேவலையே என்றிருந்தது பாலகோபாலுக்கு.

கம்ப்யூட்டரில் இருப்பதைப் பிரதி எடுத்துவைக்கும் அந்தப் பெட்டியைக் காந்திபுரத்தில் விற்றவரும் மோகன்குமார்தான். மனைவி பத்மாவதிக்குத் தொண்டையில் புற்றுநோய் ஆபரேஷன் என்றதும், அவள் பேசப் பேச போனில் பிடித்துவைத்தார் பாலகோபால். காய்க்காரியோடு பேரம், பாதியில் மறந்த பாட்டு, அவரைத் திட்டிய திட்டு. ஆபரேஷனோடு குரல் போயே போய்விட்டது. இருந்ததெல்லாம் அந்தப் பதிவுகள்தான். நோய் வந்த குரலை ஊரார் கேட்பானேன் என்று யாருக்கும் அனுப்ப விடவில்லை அவள். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு போனைக் காலி செய்தார். அதையும் நம்பாமல் கடைகடையாக ஏறி இறங்கி, ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று இரண்டு டிஸ்க் போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்கினார். கம்ப்யூட்டரில் இருப்பது தானாகவே பெட்டிக்கும் போய்விடும். மனுஷன் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆயுத பூஜை வந்தது. பீளமேட்டில் மோட்டார் பட்டறை நடத்திய கை சும்மா இருக்குமா? மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாம் துடைத்து முடித்தவர், கம்ப்யூட்டர் உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டுமே என்று உட்கார்ந்தார். பெட்டியில்தான் பத்திரமாக இருக்கிறதே என்கிற தைரியத்தில் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை ஒன்றுவிடாமல் அழித்தார். பிறகு பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டும் விட்டார்.

"கம்ப்யூட்டர்ல அழிச்சா பெட்டியிலயும் அழியற மாதிரி செட்டிங் இருந்துதுங்க. ரெண்டு டிஸ்க்குலயும் போயிருச்சுங்க. மீட்டெடுக்கவும் பாத்துப்போட்டனுங்க. ஒண்ணும் வரலீங்க," என்றார் மோகன்குமார் இப்போது.

"ஏனுங்க, வேற எங்காச்சும் குடுத்துப் பாக்கலாமுங்களா?"

"செலவுதானுங்க ஆகும்," என்று எழுந்துகொண்டார் மோகன்குமார்.

அவர் போனதும் பத்மாவதி காபியோடு வந்தாள். கழுத்தில் மெல்லிய துணி. சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து கேட்கிற நேரம். போடுங்கள் என்று கையால் பெட்டியைக் காட்டினாள்.

"அம்மணி, உன்ற கொரல நானே அழிச்சுப்போட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பாவி, என்ன காரியம் செய்தோம்! பத்மாவதி டம்ளரைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்து சத்தமில்லாமல் என்னமோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். திட்டுகிறாளா, போனால் போகிறது என்கிறாளா?

"இன்னொருக்கா சொல்லு கண்ணு," என்று கெஞ்சினார்.

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து, நிதானமாகச் சொன்னாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.