முதலமடைக்கு வந்த மஸ்கட் கடல்

பெரியமுத்துவின் முதல் கப்பல் சரக்கு மஸ்கட்டில் இறங்கிய தை மாதத்தில், மலையடிவாரத்து முதலமடையில் அவருடைய மாம்பழக் கொட்டகை முற்றத்துக்கு மஸ்கட் கடல் வந்து சேர்ந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர். உப்புக் கரித்தது, சிறு மீன்களும் இருந்தன. வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்கும் என்று லாரிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துச் சின்ன வியாபாரிகள் மாலையில் வந்து அதில் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நின்றவர்களுக்கு மஸ்கட்காரர்கள் எந்தப் பழத்தை விரும்புகிறார்கள், அங்கே யார் பேச்சு மாறாதவர் என்பதெல்லாம் கால்வழியே தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் தெருவே மஸ்கட்டுக்கு அனுப்பியது.

அடுத்த கொட்டகை யோகப்பிரியா மட்டும் அதில் கால் வைக்கவில்லை. எல்லோரும் போகிற ஊரில் தன் பழத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று லண்டனுக்கு அனுப்பினாள். அந்த ஊரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பழத்தில் புழு இருந்ததென்று அங்கே மொத்தச் சரக்கையும் எரித்துவிட்டார்கள். அன்று அவள் முற்றத்தில் எழுந்த கருகல் வாசனை மழைக்காலம் வரை போகவில்லை. கொட்டகையை மூடிவிட்டுக் கோவையில் சம்பள வேலைக்குப் போகலாம் என்றான் கணவன் துரைசுவாமி. அவள் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரியமுத்து மண்வெட்டியோடு வந்து, இரண்டு முற்றத்துக்கும் நடுவிலிருந்த வரப்பை வெட்டத் தொடங்கினார்.

"ஏனுங்ண்ணா, நானும் மஸ்கட்டுக்கு அனுப்புனா உங்களுக்கு விலை எறங்குமுங்களே," என்றாள் யோகப்பிரியா.

"எறங்கட்டுமுங்க அம்மிணி. பக்கத்து ஊடு பூட்டிக் கெடந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க."

தண்ணீர் வந்தது. விலையும் இறங்கியது. பெரியமுத்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு மறந்துவிட்டார். மஸ்கட்டில் யோகப்பிரியாவிடம் பழம் வாங்கியவர் லண்டனுக்கும் அனுப்புகிறவர். பழத்தை வெந்நீரில் எப்படி வைத்தெடுத்தால் புழு தங்காது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். போன பங்குனியில் அவள் லண்டனுக்கு அனுப்பிய சிறு சரக்கு பழுதில்லாமல் போய் இறங்கியது.

அன்றிலிருந்து உச்சி வெயிலிலும் அவள் கொட்டகைமேல் மட்டும் லண்டன் பனிமூட்டம் நிற்கிறது. பழம் துடைக்கும் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார்கள். முதல் நாளே பெரியமுத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவள் மூட்டத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு, டீ கொண்டுவரச் சொன்னாள். இப்போது தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்கிறார்கள். நாற்காலி போதாமல் கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.