விற்காத கட்டில்

அன்றைக்கு எந்தக் கட்டில் விலை போகவில்லையோ, அதுதான் அவளுக்கு. ஹாஸ்டல் திறந்த நாளிலிருந்து சித்தப்பா வைத்திருக்கிற ஏற்பாடு இது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் வந்து ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி படுத்துவிட்டுப் போகிற இடம். அறைக்கு அறை அடுக்குக் கட்டில்கள், ஆளுக்கொரு லாக்கர், பொதுவாக ஒரு சமையலறை. எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஒரே ஒரு மேனேஜர். மேனேஜரான அவளுக்கு மட்டும் படுக்கை எண் கிடையாது.

"நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா தனி ரூம்? கட்டடமே உன்னுதுதான்" என்று சித்தப்பா சொன்னபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது. கட்டடம் தன்னுடையது என்றால் என்ன என்று முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கிற முடி அவளுடையது. மெத்தை மடிப்பில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஊர்கிற வேலையும் அவளுடையது. லாக்கர் சாவியைத் தொலைத்தவன் திட்டுகிற திட்டும் அவளுடையது.

சில ராத்திரி மேல் கட்டில், சில ராத்திரி கீழ்க் கட்டில். காலையில் எழுந்ததும் தன் விரிப்பைத் தானே உருவி வாஷிங் மெஷினில் போட்டு, பையைக் கட்டி மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுவாள். தங்க வந்தவர்களின் பைகளைவிட அவள் பை அடிக்கடி கட்டப்பட்டது. ராத்திரி தங்கள் அறைக்குள் வந்து ஏணியில் ஏறுகிறவளைப் பார்த்துச் சிலர், "நீங்களும் டிராவல் பண்றீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், இந்த ரூமிலிருந்து அந்த ரூமுக்கு என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் அதையும் ரிவ்யூவில் எழுதிவிடுவார்கள்.

மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. அதுதான் கொடுமை. ஒருத்தி சமையலறையில் உட்கார்ந்து காதலன் விட்டுப்போன கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லி, இவள் தோளை நனைத்து, மூக்கை உறிஞ்சி, மறுநாள் இவள் பெயர்கூடக் கேட்காமல் கிளம்பிப் போனாள். போகிற எல்லோரும் கட்டிப்பிடித்து, "கண்டிப்பா டச்ல இருப்போம்" என்றார்கள். ஒருத்தரும் இருந்ததில்லை. அவர்கள் விட்டுப்போகிற பாதி ஷாம்பூ பாட்டில்தான் கொஞ்ச நாள் கூட இருக்கும்.

குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் அவள். படித்து என்ன கிழித்தாள் என்று கேட்கிறவர்களுக்கு அம்மா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள்: "மேனேஜரா இருக்கா. தனி ரூம் குடுத்திருக்காங்க." அந்தத் தனி ரூம், இவள் போனில் கட்டிக் கொடுத்தது. எங்கடி படுத்துக்கற என்று அம்மா கேட்ட சாயங்காலம், பக்கத்துக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒருத்தி கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள். ரூம் இருக்கு, ஜன்னல் இருக்கு, நல்லா காத்து வருது. ஜன்னல் எவ்வளவு பெருசு என்றதற்கும் ஓர் அளவு சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் குளிர்ந்துகொண்டே போனது. எங்கே நிறுத்துவது?

ஒரு நாள் காலை சித்தப்பா போனில் கத்தினார். "மேனேஜரம்மா! ஹவுஸ்ஃபுல்! மலையேறப் போற குரூப்பு ஒண்ணு மிச்சம் மீதி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. மாடியில இருக்கிற ஒத்தைக் கட்டில் ரூம் அந்த லீடருக்கு."

"நான் எங்க படுக்கறது?"

"ஒரு ராத்திரிதானே. பாத்துக்கலாம்மா."

போனை வைத்த கையோடு அம்மா கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல். "கிளம்பிட்டேன்டி. முன்னாடியே சொன்னா வேண்டாம்ப. ரெண்டு நாள் உன் ரூம்லதான்."

அவள் திரும்பச் சித்தப்பாவைப் போனில் பிடித்தாள். ஒரு கட்டில் ரிப்பேர் என்று போட்டுவிடட்டுமா? "முதல் தடவையா நிரம்புது. வயித்துல அடிக்காத தாயி." அப்படியென்றால் ஷீட்டு, டவல் வைக்கிற ஸ்டோர் ரூமையாவது கொடுங்கள். "ஷீட்டெல்லாம் என் தலையிலயா அடுக்கறது?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அம்மா வருவதை அவரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

விரிப்பை இழுத்துச் செருகினாள், தலையணையைத் தட்டினாள், வாசலிலேயே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலுக்குக் கட்டில் ஒத்திகை பார்த்தாள். ஆனால் அம்மா வந்து இறங்கியபோது, நிரம்பிய ஹாஸ்டலைக் கண்ணாரப் பார்க்கப் புதுச் சட்டையோடு வந்த சித்தப்பாவும் வாசலில் நின்றார்.

"அண்ணி! என்ன சொல்லாம கொள்ளாம?"

"பொண்ணைப் பாக்க எதுக்குச் சொல்லணும்? அடேங்கப்பா, வாசல்ல எத்தனை செருப்பு! இருங்க, பையை இவ ரூம்ல வச்சிட்டு வந்துடறேன்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். கண் சிமிட்டுகிற நேரம்தான். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கென்ன அண்ணி, வாங்க" என்று முன்னால் நடந்து, குரூப் லீடருக்காக அவள் காலையில் துடைத்து வைத்த மாடி அறையைத் திறந்துவிட்டார்.

அம்மா சுவரைத் தடவினாள். கட்டிலை அழுத்திப் பார்த்தாள். பையிலிருந்து தானே தைத்த நீலத் திரைச்சீலையை எடுத்து ஜன்னலில் பிடித்தாள். ஒரு முழம் குறைந்தது. "நீ சொன்ன அளவுதானேடி?" என்றவள், அதற்குமேல் அதைப் பொருட்படுத்தாமல் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "அப்பன் இல்லாத பொண்ணு. கண் கலங்காம வச்சிருக்கீங்க." இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"நம்ம வீட்டுப் பொண்ணு அண்ணி" என்றார் சித்தப்பா. கூச்சப்படக்கூட இல்லை. கும்பிட்டதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட மாதிரி நின்றார்.

அவள் பொய்யை அவள் தாங்கியிருப்பாள். அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை.

"கையை இறக்கும்மா. இது என் ரூம் இல்ல. வித்த ரூம். எனக்கு ரூமே கிடையாது. எந்தக் கட்டில் விக்கலையோ அதுல படுத்துப்பேன். இன்னிக்கு எல்லாம் வித்துப்போச்சு."

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். "கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். பாத்துக்கலாம்னீங்க. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க."

"பெரியவர் மூஞ்சிக்கு நேரா இப்படியாடி பேசறது?" அம்மா அதட்டினாள்.

"முதுகுக்குப் பின்னாடி பேசினா கேக்காதும்மா."

படியேறி வந்த ஒருவன் மூன்று பேரையும் பார்த்து ஹலோ சொன்னான். மூன்று பேரும் ஹலோ சொன்னார்கள். அவன் போனதும் சித்தப்பா சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தார். "ஸ்டோரை எடுத்துக்க. ஷீட்டெல்லாம் மாடிப்படிக்கு அடியில கிடக்கட்டும். இப்ப மனசு குளிர்ந்துதா?" புதுச் சட்டை விறைக்க இறங்கிப் போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சுவர் முழுக்க அலமாரி, மூலையில் சோப்புத்தூள் மூட்டை, கூரை ஓரம் கையகல ஜன்னல். "மெத்தை ஒண்ணு போட்டா ரெண்டு பேரும் படுத்துக்கலாம்மா."

அம்மா உட்காரவே இல்லை. திரைச்சீலையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தாள். "என்கிட்ட எதுக்குடி பொய் சொன்ன?"

நீ சந்தோஷப்பட்டாயே என்று சொல்ல அவளை ரோஷம் விடவில்லை.

"சாயங்கால பஸ்ஸுக்கே போறேன்" என்றாள் அம்மா. "ஊர்ல என்ன சொல்றதுன்னு வேற யோசிக்கணும்."

பஸ் நிற்கிற இடம்வரை இரண்டு பேரும் நடந்தார்கள். ஏறப்போன அம்மா, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல. கவனிச்சியா?"

அவள் கவனித்திருக்கவில்லை.

"வெளியிலதான் பூட்டு. சாமான் உள்ள இருந்து பூட்டிக்குமா என்ன? முதல்ல அதைப் போடு. அப்புறம் படு." ஏறிவிட்டாள். ஜன்னலோர சீட்டு கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வழியில் இரும்புக் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். மலையேறுகிற குரூப் கூச்சலும் மூட்டையுமாக வந்து இறங்கியது. சாவி கொடுத்து, வைஃபை பாஸ்வேர்ட் சொல்லி, அவரவர் கட்டிலைக் காட்டி முடித்த பிறகு ஸ்டோருக்குள் புகுந்தாள். ஷீட்டையும் டவலையும் வாரி வெளியே கொண்டுபோய் அடுக்கினாள். கதவு பழைய மரம், திருகாணி லேசில் இறங்கவில்லை. உள்ளங்கை கன்றிப்போகிற அளவுக்கு முறுக்கினாள். ஒருவழியாகப் பொருந்தியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். போய் உட்கார்ந்துகொண்டது.

வெற்று அலமாரிகளுக்கு நடுவில் மெத்தையைப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். சோப்புத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தாள். அம்மா பாதி வழிகூடப் போயிருக்க மாட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. டவல் வேண்டுமாம். மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். தேங்க்ஸ் என்றது ஒரு குரல். காலடிச் சத்தம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.