வாரிசு இல்லை, மகள்கள் ஐந்து

2025 ஜூன் 15, ஞாயிறு. ஹேவாஹெட்ட.

முதலில் வெள்ளிக்கிழமை செய்த பிழை. கண்டியில் மாலை வேதாகம வகுப்பில், ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு யார் யார் கைக்கு வந்தது என்று அட்டவணை போடச் சொன்னார்கள். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஈசாக்கு, யாக்கோபு என்று இறங்கி, தேசத்தைப் பங்கு பிரிக்கும் இடத்துக்கு வந்தேன். மகன் இல்லாமல் இறந்துபோன செலோப்பியாத்தின் பெயருக்கு எதிரே எழுதினேன்: "வாரிசு இல்லை. மகள்கள் ஐந்து."

பக்கத்துக் கதிரையிலிருந்த சஞ்சீவனி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் தனுஜா, அப்ப இந்த அஞ்சு பேரும் யாரு? விருந்துக்கு வந்தவங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்த வசனம் என்னுடையது அல்ல. ஜனவரியில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சித்தப்பா சொன்னது: "அண்ணனுக்கு வாரிசு இல்ல. ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க." ஐந்து மாதம் எனக்குள் கிடந்து, என் கையெழுத்திலேயே வெளியே வந்திருக்கிறது.

நான்கு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். அப்பா தினமும் ஜெபத்தில் ஆபிரகாமின் பெயரைச் சொல்லி ஒரு துண்டு நிலம் கேட்பார். இப்போது அரசாங்கம் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் அதற்கு உறுதிப் பத்திரமும் கொடுக்கப் போகிறது, அவர் இல்லை. இன்று ஆராதனை முடிந்ததும் சித்தப்பா காணிப் படிவத்தோடு வந்தார். வாரிசுக் கட்டத்தில் தன் மகன் சதீஸ்குமாரின் பெயரை எழுதி, அம்மாவின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் நம்புகிறார்.

"கட்டிக்கிட்டுப் போற பிள்ளைங்களுக்கு எதுக்கு அண்ணி காணி? ஆபிரகாம் காலத்திலேருந்தே வாக்கு ஆம்பள வழியாத்தான் வருது."

ஆறு காரணங்களை இலக்கமிட்டு எழுதி வைத்திருந்தேன். ஆபிரகாமுக்குப் பதில் அதில் ஒன்றிலும் இல்லை. அதனால் வேதாகமத்தையே நீட்டினேன்.

"நீங்கதானே சித்தப்பா கோயில்ல வாசிக்கிறவரு. இத வாசிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயில் குரலில் தொடங்கினார். தகப்பன் செலோப்பியாத் இறந்துபோன ஐந்து சகோதரிகள், மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தகப்பனின் பெயர் அழிய வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்கிறார்கள். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அவர் குரல். தங்கை லோஜினி தேநீரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொல்லும் வரியில் சித்தப்பா நின்றார். உதடு மட்டும் அசைய அதை மறுபடி வாசித்தார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?" என்றார் அம்மா.

"கண்ணாடி மங்குது அண்ணி."

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அஞ்சு பேரு மோசேகிட்டயே போய் நின்னிருக்காங்க. நாங்க மூணு பேரு தோட்டத்து ஆபிசுக்குப் போக மாட்டமா?"

லோஜினிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்து சித்தப்பாவுக்கும். பேனாவை எடுத்து, தன் மகன் பெயரின் மேல் தானே கோடு கீறினார்.

"வெட்டுன ஃபோர்ம ஆபிசுல எடுக்க மாட்டாங்க. புதுசு வாங்கணும். நானும் வாறேன்."

வெட்டிய படிவத்தை அம்மா நான்காக மடித்து அந்தப் பக்கத்திலேயே வைத்து வேதாகமத்தை மூடினார்.

அட்டவணையில் "வாரிசு இல்லை" என்பதை அடித்துவிட்டேன். மற்றது சரி.

நாளை: வேலை செய்யும் கடையில் அரைநாள் லீவு சொல்ல வேண்டும். எட்டரைக்குத் தோட்ட அலுவலகம். அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், கறுப்புப் பேனா. வாரிசுக் கட்டம் ஒரு பெயருக்குத்தான் அளவு. இரண்டு பெயரும் கொள்ளும்படி எழுத்தைச் சிறிதாக எழுத வேண்டும்.