தோள்மேல் ஒரு கை

“அந்தக் கையை மட்டும் எடுத்துருங்கண்ணே,” என்று ரீனா ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் போனில் சொன்னபோது, ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள் தம்பி அமலன் கிடந்தான். நேற்று வத்தலக்குண்டு ரோட்டில் பைக் விபத்து. இருபத்தேழு வயது.

அஞ்சலி ஃப்ளெக்ஸுக்காக ஒரு குரூப் போட்டோவிலிருந்து அவனை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தாள்; அவன் வாய்விட்டுச் சிரித்த ஒரே படம் அதுதான். தோள்மேல் கிடந்தது டிரம்மர் ஸ்டீபன்ராஜின் கை. ஆறு வருஷம் ஒரே ராக் பேண்டில் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். எட்டு மாதத்துக்கு முன்பு அமலன் கிடாரைத் தூக்கிக்கொண்டு தனியே வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டான். மாடி அறையில் அடைந்து கிடந்து எட்டுப் பாட்டுப் பதிவு செய்தான். ஆல்பத்துக்கு ‘ஒத்தையில’ என்று பேர். இன்று மூன்று மணிக்குத் தானாக வெளியாகும்படி போன வாரமே ஏற்பாடு செய்திருந்தான். அட்டைப்படத்தை யாருக்கும் காட்டவில்லை. அதே மூன்று மணிக்குத்தான் அவனையும் எடுக்கிறார்கள்.

கையை அழிக்கச் சொன்னால் பாதித் தோளையும் சேர்த்து அழித்துவிட்டார் அந்த மகராசன். வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்க்காமலே ரீனா போய்வந்துகொண்டிருந்தாள்.

இரண்டரைக்கு ஸ்டீபன்ராஜ் வந்தான்.

“அக்கா, நானும் ஒரு பக்கம் தூக்குறேங்க்கா.”

அப்பா ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். “எம்புள்ளைய வெரட்டி விட்டவன் தூக்க வேணாம்.”

“வெரட்டல அங்கிள். அவந்தான் போனான். ஏன்னு எனக்கே தெரியல.”

“நீ சொல்லு ரீனா. உங்கிட்டதான எல்லாம் பேசுவான்?”

எல்லாமா? கோபத்தில் போனானா, அலுத்துப் போனானா? கோபமென்றால் இவனைத் தொடவிடுவது தம்பிக்குச் செய்யும் துரோகம். இல்லையென்றால் விரட்டுவது துரோகம். பதில் தெரிந்தவனோ கண்மூடிக் கிடந்தான்.

“வேணாம் ஸ்டீபன்.”

அவன் ஃப்ளெக்ஸுக்குக் கீழே போய் நின்றுகொண்டான்.

ஃபாதர் ஜெபம் முடித்து, சவப்பெட்டியை மூடும் நேரம் அவள் கையிலிருந்த அமலனின் போன் அதிர்ந்தது. ‘ஒத்தையில’ வெளியாகிவிட்டது. அட்டையில் அதே சிரிப்புப் படம். மற்ற எல்லாரையும் வெட்டியிருந்தான். தோள்மேல் கிடந்த கையை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

மறந்து விட்டானா, வேண்டுமென்றே வைத்தானா? இப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. போனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஸ்டீபன், இங்கிட்டு வா,” என்றாள் ரீனா.

அவன் ஆள் குட்டை. பெட்டி அவன் தோளுக்கு எட்டவில்லை. கையை உயர்த்தி அடியில் கொடுத்தபடியே கோயில் வரைக்கும் நடந்தான்.