குரைக்காத நாற்பத்து மூன்று நொடி

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு லுவான் கூப்பிட்டபோதே ரோண்டா ஹக்லுண்ட் கையிலிருந்த வேலையை நிறுத்தினாள். லுவான் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. ஐவர்சன் கவுண்டி என்கிற மாவட்டத்தின் அவசர அழைப்பு அறையில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்து, மாரடைப்பு, தீ, பனியில் கவிழ்ந்த லாரி எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டுப் பழகியவள். அந்தக் குரல் இன்று லேசாக ஆடியது.

"இந்த வாரத்துல மூணாவது தடவை, ரோண்டா. திரையில எதுவும் அசைய மாட்டேங்குது. புது கால் ஒண்ணும் வரல. அப்புறம் திடீர்னு அஞ்சாறு கால் ஒண்ணா வந்து விழுது. சாயங்காலம் நாலு மணிக்குப் பனிப்புயல்னு சொல்லிட்டாங்க. அப்ப இப்படி ஆச்சுன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க."

ரோண்டா பார்க்கிறேன் என்றாள். முதல் இரண்டு தடவையும் அதையேதான் சொன்னாள். கணினி தானாக எழுதும் பதிவேட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை, டெலிபோன் கம்பெனிக்காரனைக் கேளுங்கள் என்று கையைக் கழுவியிருந்தாள்.

அழைப்பு அறையின் கணினிக்குள் டெலிபோன் லைன்களைக் கொண்டுவந்து கொடுக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. அந்த அட்டைக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசுகிற நிரலை எழுதியவள் ரோண்டா. டிரைவர் என்பார்கள். அது கணினியின் அடிவயிற்றில் ஓடுவது. மேலே இருக்கிற நிரல் கெட்டால் அது மட்டும் விழும், இது கெட்டால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அங்கே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். கணினியின் மூளையான செயலிகளில் எதுவாவது இருபது நொடிக்கு மேல் ஒரே இடத்தில் சிக்கி நின்றால், இன்ன இடத்தில் சிக்கிக் கிடக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கத்தி, இயந்திரத்தைத் திரும்பக் கிளப்பிவிடும். ரோண்டாவின் கூட்டத்தார் அதை நாய் என்றுதான் சொல்வார்கள். நாய் குரைத்ததா என்று கேட்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

நாய் குரைக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கணினி நின்றது என்று லுவான் சத்தியம் பண்ணுகிறாள், நாயோ வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை அவள் குரைப்பைத் தேடவில்லை. மௌனத்தைத் தேடினாள். பதிவேட்டில் நொடிக்கு ஒரு வரி விழ வேண்டும். செவ்வாய்க்கிழமை 11:42:07க்கு ஒரு வரி, அடுத்தது 11:42:46க்கு. நடுவே முப்பத்தொன்பது நொடிக்கு வெறும் ஒன்றுமில்லை. எட்டுச் செயலிகளில் ஒன்றுகூட ஒரு வரி எழுதவில்லை. லுவான் அன்றைக்குக் கூப்பிட்டுச் சொன்ன நேரமும் அதுவேதான். அவள் தன் டிரைவரைத் திறந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அட்டை தயாரா தயாரா என்று விடாமல் கேட்டுக்கொண்டே நிற்கும் ஒரு சிறு சுற்று. ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும். ஒரு செயலி பூட்டோடு நிற்க, மற்றவை ஒவ்வொன்றாக வந்து அதே பூட்டுக்காகப் பின்னால் நிற்கும். காற்றில் லைன் அறுபட்டு அறுபட்டு வந்தால் அட்டை தன்னைச் சரிசெய்துகொள்ள அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதுவரைக்கும் கவுண்டி முழுக்க யார் செத்தாலும் பிழைத்தாலும் கணினிக்குக் காது கிடையாது.

அந்தச் சுற்றுக்குள் ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. நாயைத் தடவிக்கொடுக்கும் வரி. நான் சிக்கவில்லை, வேலையாக இருக்கிறேன், நீ சும்மா இரு என்று சொல்லும் வரி. அதை எழுதியவள் ரோண்டாவேதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், கணினி முதலில் கிளம்பும்போது அட்டைக்குள் நிரலை ஏற்ற அரை நிமிடம் ஆகும், நாய் வீணாகக் குரைத்து இயந்திரத்தைத் திரும்பக் கிளப்பிவிடும். அதற்காகப் போட்டாள். அப்போது யாரும் அழைப்பு எடுப்பதில்லை, ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அதே சுற்றைத்தான் பகலெல்லாம் ஓடும் வேலையும் கூப்பிட்டுக்கொள்கிறது என்பதை அவள் பார்க்கவே இல்லை. மடச்சி என்று தன்னையே வைதுகொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். பழைய பதிவேடுகள் இரண்டு வருடத்துக்கு இருந்தன. எத்தனை தடவை நடந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று நினைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தவளின் விரல் போன வருடம் பிப்ரவரி ஒன்பதில் நின்றது. மாலை நாலு பதினேழு. நாற்பத்து மூன்று நொடி.

அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். வெண்டல் ஆஸ்ட்பியின் மனைவி ஜோனி வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது சாய்ந்து விழுந்த நாள். வெண்டல் இவள் மேசைக்கு எதிரே உட்காருகிறவர், இவளைவிடப் பத்து வயது மூத்தவர், இந்த அட்டையைப் பற்றி அவளைத் தவிரத் தெரிந்த ஒரே மனிதர். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ஹாட்டிஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தட்டைத் தொடாமல் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாலேகாலுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, யாருமே எடுக்கவில்லை என்று. ரோண்டாதான் அவர் முதுகைத் தடவி, அந்த மாதிரி நேரத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும் வெண்டல் என்று ஆறுதல் சொன்னாள். அவரும் இருக்கும் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

சரிசெய்வது சுலபமாக இருந்தது. பூட்டை விட்டுவிட்டு உறங்கு, அட்டை தயாரானதும் எழுப்பும், இரண்டு நொடிக்குள் எழுப்பாவிட்டால் அந்த லைனை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார். தடவும் வரியை நிரல் ஏற்றும் இடத்துக்கு மட்டும் தனியாக நகர்த்தினாள். சோதனை அறையில் லைனைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். கணினி அசையாமல் நின்றது ஒரு தடவைகூட இல்லை. மணி இரண்டு. ஜன்னலுக்கு வெளியே ஏரிப்பக்கம் வானம் ஈயமாக இறங்கியிருந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் எந்த மாற்றமும் கவுண்டிக்குப் போகாது. படிக்கத் தெரிந்தவர் வெண்டல். அதைவிடக் கொடுமை, இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிழையைத் திருத்தினால், அந்தப் பிழையை உள்ளே கொண்டுவந்த பழைய மாற்றம் எது என்று அதன் எண்ணோடு கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். எண்ணைத் தொட்டால் போதும், எழுதியவர் பெயர், தேதி, எல்லாம் திறந்துகொள்ளும்.

ரோண்டா அந்த வரியை எழுதாமல் அனுப்பினாள். புயல் போகட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சாக்கு. எதிர் மேசையில் வெண்டல் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கடைசியில் தலையாட்டுவது நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. எந்த மாத்தத்தால வந்துச்சுன்னு வரி காணோமே?"

"அவசரத்துல விட்டுட்டேன். அப்புறம் போட்டுக்கலாமா?"

"அப்புறம் போட்டதா சரித்திரமே இல்ல. நீயே எத்தனை பேரை இதுக்காகத் திருப்பி அனுப்பியிருக்க. போடு, ரெண்டு நிமிஷம்தானே."

மணி இரண்டேகால். அவர் விடமாட்டார், அது அவளுக்குத் தெரியும். பொய் எண் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே கூசியது. சரியான எண்ணைத் தட்டி அனுப்பினாள். அனுப்பிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்டல் எண்ணைத் தொட்டார். எழுதியவர் ரோண்டா ஹக்லுண்ட். அதற்குக் கீழே, படித்துச் சரிபார்த்தவர் வெண்டல் ஆஸ்ட்பி. அதை ரோண்டாவும் மறந்துபோயிருந்தாள். மதியம் மூன்று ஐம்பதுக்கு அவள் அனுப்பியிருக்கிறாள், மூன்று ஐம்பத்திநாலுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாள் அவரும் ஜோனியும் மீன்பிடிக் குடிலுக்குக் கிளம்ப வேண்டிய நாள்; நாலே நிமிடத்தில் படித்து முடித்திருக்கிறார்.

அவர் அந்த இரண்டு பெயர்களையும் மறுபடி படித்தார்.

"பழைய பதிவெல்லாம் பாத்தியா?" என்றார் கடைசியில்.

"பாத்தேன்."

"பிப்ரவரி ஒம்பது?"

"நாலு பதினேழு," என்றாள். "நாப்பத்தி மூணு நொடி. நான் அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு வெண்டல்."

"எனக்கும் இருக்கு," என்றார். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவர் திரை பக்கம் திரும்பி, மாற்றத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். இந்தத் தடவை இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒரு இடத்தில் குறி தவறியிருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னார். பிறகு தன் பெயரைப் போட்டார்.

மூன்றேகாலுக்கு மாற்றம் கவுண்டியில் ஏறியது. மூன்றரைக்குக் காற்று கட்டடத்தைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. நாலு மணிக்கு லுவான் கூப்பிட்டு, கால் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எதுவும் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் வைத்துவிட்டாள். எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். வெண்டல் மட்டும் கோட்டை மாட்டவில்லை.

"ரோண்டா, இந்த மாதிரி நாயைத் தடவுன வரி வேற எங்க இருக்கு?"

அவள் தேடும் கட்டளையைத் தட்டினாள். பட்டியல் வந்தது. பதினொன்று. ஆம்புலன்ஸ் வயர்லெஸ்ஸுக்கான டிரைவரில் மூன்று, தீயணைப்பு நிலையச் சைரன் பெட்டியில் இரண்டு, மற்றவை எங்கெங்கோ, எத்தனையோ கவுண்டிகளில். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஏழில் சரிபார்த்தவர் என்று வெண்டலின் பெயர் இருந்தது.

மின்விளக்கு ஒருமுறை மங்கி, திரும்ப வந்தது. வெண்டல் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டார்.

"முதல் ஒண்ணைத் தொற," என்றார்.