தலைவரைப் பார்த்தால் ஓடும் வண்டி

நந்தகோபால் ஓட்டினால் நின்றுவிடுகிற வண்டி, முதலாளி வந்து பக்கத்தில் நின்றால் கிளம்பிவிடுகிறது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீ இன்னா பண்ணே?" என்று அவனையே கேட்கிறார்கள். அவன் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் அவனுக்கே குழப்பம்.

முதலாளி பெயர் வேதாசலம். குடியாத்தத்தில் எட்டு விசைத்தறி, ஒரு குடோன், லுங்கிச் சரக்கு ஏற்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி. ஊரில் எல்லோரும் தன்னைத் 'தலைவர்' என்று கூப்பிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. எதற்குத் தலைவர் என்று கேட்கக் கூடாது. விசைத்தறிச் சங்கத்தில் ஒரு காலத்தில் துணைப் பொருளாளராக இருந்தார். நிஜத் தலைவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரே ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அந்தத் தலைவர் குணமாகி வந்துவிட்டார். இவருக்குத்தான் இன்னும் குணமாகவில்லை.

வண்டிக்கு அவர் செய்த மிகப் பெரிய சேவை, டீசல் டேங்க் மூடி. ஏதோ கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "டிரைவருங்க எல்லாம் குழாய் போட்டு டீசல உறிஞ்சி வித்துடறானுங்க" என்று சொல்லிவிட்டார். இவர் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். வண்டியோடு வந்த மூடியைக் கழற்றித் தூரப் போட்டார். லேத் பட்டறையில் உட்கார்ந்து பித்தளையில் புது மூடி கடையச் சொன்னார். நடுவில் பூட்டு. உள்ளே போடுகிற வாஷருக்கு ரப்பரை நம்பவில்லை. பேரணாம்பட்டில் தெரிந்த, தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து செருப்பு அடிக்குப் போடுகிற தடித்த தோலை வரவழைத்து, எண்ணெயில் ஊறவைத்து, வட்டமாக வெட்டிப் பொருத்தினார்.

"ஒரு சொட்டு வெளிய வராது. எறும்போட மூச்சுக்கூட உள்ள போவாது. பேரணாம்பட்டுத் தோலு!" என்று குடோன் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சாவி ஒன்றுதான். அது அவர் கழுத்தில் ருத்திராட்சத்துக்குத் துணையாகத் தொங்கியது.

நந்தகோபாலுக்கு மனசு கஷ்டப்பட்டது. திருடன் என்று வாயால் சொல்லாமல் பித்தளையால் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் பொறுத்துக்கொண்டான். லாரி ஓட்டி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்து, இனிமேல் லாங் டிரிப் கூடாது என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற மாதிரி டிரைவர் வேலை, அவன் கேட்டுப் பார்த்த இடங்களில் இங்கே மட்டும்தான் கிடைத்தது. இது போனால் மறுபடி லாரிதான். முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

முதல் தடவை வண்டி நின்றது, வேலூர் லாங் பஜாருக்குச் சரக்கு கொண்டு போன அன்று. பள்ளிகொண்டா தாண்டவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்தது. இரண்டு தடவை இருமியது. அப்புறம் பேச்சு மூச்சில்லை. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரிதான் சோர்ந்தது. வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் போட்டான்.

வேதாசலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் வந்தது வண்டியைப் பார்க்க அல்ல, டீசலைப் பார்க்க. கழுத்துச் சாவியை எடுத்து மூடியைத் திறந்தார். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒரு குச்சியை விட்டு அளந்தார். காலையில் அவரே பங்க்கில் நின்று நிரப்பிய டீசல், ரோட்டில் எரிந்தது போக அப்படியே இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மூடியைப் பூட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணிப் பாத்துட்டேன் தலைவரே, எடுக்கல..."

"நான் சொல்றேன் இல்ல, பண்ணுய்யா."

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. நந்தகோபாலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது தடவை ஆம்பூர் போகிற வழியில், மாதனூருக்கு இந்தப் பக்கம். அதே இருமல், அதே போன், அதே ஸ்கூட்டர், அதே புஸ். அதே மாதிரி வண்டி கிளம்பியது. இந்தத் தடவை வேதாசலத்துக்குக் கோபம் வரவில்லை. முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது.

"கேட்டியா அந்தச் சத்தத்த? வண்டி பெருமூச்சு வுடுது. அப்பாடா, தலைவர் வந்துட்டாருன்னு."

"டேங்க்ல இருந்து வர்ற சத்தம் தலைவரே அது."

"பெருமூச்சு வேற எங்கேர்ந்து வரும்? அதுக்கு மூக்கா கீது?"

நந்தகோபால் கியரைப் போட்டான்.

பட்டறையில் நிசார் அஹமது கையில் வண்டியைக் கொடுத்தார்கள். நிசார் இப்போது மெக்கானிக் இல்லை. ஒரு லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து 'டீசல் ஸ்பெஷலிஸ்ட்'. போர்டையும் மாற்றிவிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரை மாட்டி, திரையை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து, தாடியைத் தடவினார்.

"இன்னா பாய்?" என்றான் நந்தகோபால்.

"எல்லாம் பச்சையா காட்டுது தோஸ்த்."

"நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான். ஆனா நல்லாயிருந்தா ஏன் நிக்குது? அதான் பேஜாரா இருக்குது. ஃபில்டர மாத்திப் பாக்கலாம்."

ஃபில்டரை மாற்றினார். பம்ப்பை மாற்றினார். லைனில் காற்று பிடித்திருக்கும் என்று காற்றை எடுத்தார். இஞ்செக்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, பெண் பார்க்க வந்த மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டறையில் யாராவது டீசலில் கைவைத்துவிடுவார்கள் என்று வேதாசலம் மணிக்கொரு தரம் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அதனால் பட்டறையில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுற்று சுற்றி வந்து, "வண்டி ஏ ஒன்" என்றார் நிசார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோச்சுக்காத. ஓட்டற கைலதான் ஏதோ கம்மி ஜாஸ்தி ஆவுது போல" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த நந்தகோபால் சாப்பிடாமல் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கைக்கு இன்னா?" என்றாள் தேவகி, அவன் மனைவி.

"தெரியல. அதான் பாக்கறேன்."

இதற்குள் ஆம்பூர் வியாபாரி வக்கார் அகமதிடமிருந்து போன் வந்துவிட்டது. ரம்ஜான் நெருங்குகிறது, லுங்கி தாமதமானால் வெளியூரிலிருந்து இறக்கிக்கொள்வேன் என்றார். வேதாசலம் நந்தகோபாலைக் குடோனுக்குள் கூப்பிட்டார்.

"இதான் கடைசி. நாளைக்கு ஆம்பூருக்கு லோடு. நானே கூட வர்றேன். நான் இருந்தா வண்டி நிக்காது. அப்ப கோளாறு எங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் நீ வண்டிச் சாவிய மேசை மேல வெச்சுட்டு வேற எடம் பாத்துக்க."

ராத்திரி முழுக்க இந்தக் கணக்கு நந்தகோபாலுக்குப் பிடிபடவில்லை. வண்டி நின்றால் வேலை போகும், சரி. நாளைக்கு வண்டி ஓடினாலும் வேலை போகும். அப்படியென்றால் எதை வேண்டிக்கொள்வது? சாமி படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பிவிட்டு, ஒன்றும் கேட்காமலே திரும்பி வந்துவிட்டான்.

காலையில் வேதாசலம் வெள்ளைச் சட்டை, ஜரிகை வேட்டி, தோளில் துண்டு என்று மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தார். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, முன்சீட்டில் ஏறினார். வழியெல்லாம் தான் தலைமை தாங்கிய கூட்டத்தைப் பற்றிப் பேசினார். தீர்மானம் ஐந்து வரும்போது குரல் மங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி இருமியது.

நந்தகோபாலுக்குப் பயம் வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வண்டி நின்றது. பின்னால் ஷூ கம்பெனி பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியது. ஜன்னலில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ளய எறக்கித் தள்ளச் சொல்லுண்ணா!" என்று ஒருத்தி கத்த, பஸ்ஸே சிரித்தது.

வேதாசலம் திடுக்கிட்டு விழித்தார். "ஏன் நிறுத்தினே?"

"நான் நிறுத்தல தலைவரே. அதுவா நின்னுடுச்சு. நீங்க உள்ளதான் இருக்கீங்க."

வேதாசலம் தன்னையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆமாம், உள்ளேதான் இருந்தார். இறங்கிப் போய் மூடியில் சாவியைப் போட்டார். பூட்டு திறந்தது, மூடி வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு கை குடுய்யா" என்றார். இரண்டு பேருமாகத் திருகி இழுத்தார்கள். புஸ்ஸ் என்றது. வேதாசலத்தின் தோள்துண்டின் முனை வெளியே பறக்கவில்லை. டேங்கின் வாய்க்குள் இழுபட்டது.

நந்தகோபால் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். வண்டி மூச்சை விடவில்லை, இழுக்கிறது. மூச்சுமுட்டி நின்றிருக்கிறது.

"தலைவரே," என்றான் மெதுவாக. "எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ணெ எறங்காது இல்ல? காத்து போவ இன்னொரு ஓட்ட போடுவாங்க. டேங்க்ல இருந்து டீசல் போவப் போவ அந்த எடத்துக்குக் காத்து வரணும். இந்த மூடில வர்றதுக்கு வழியே இல்ல. இஞ்சின் உறிஞ்சிப் பாத்துட்டு முடியாம நின்னுடுது. நீங்க வந்து தொறந்தா காத்து போவுது, கெளம்பிடுது."

"இன்னாய்யா சொல்ற? என் மூடி மேல குத்தமா?"

"குத்தம் இல்ல தலைவரே. ஜாஸ்தி நல்லா இருக்குது. அதான் கஷ்டம். கொஞ்சம் லூசா வுட்டுப் பாக்கலாமா?"

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் வேதாசலம் மூடியை அரைத் திருகோடு விட்டார். வண்டி கிளம்பியது. தோல் ஷாப்புகளின் வாடை மூக்கில் ஏற, ஆம்பூர் பஜார் நெரிசலுக்குள் புகுந்து, வக்கார் அகமதின் கடை வாசல்வரைக்கும் ஒரு இருமல்கூட இல்லை.

"பாத்தீங்களா தலைவரே!" நந்தகோபால் ஸ்டியரிங்கைத் தட்டினான். வேலை பிழைத்துவிட்டது.

"இன்னாத்தப் பாக்கறது? இவ்ளோ தூரம் நான் முழிச்சிக்கினு வந்தேன். அதான் ஓடுச்சு. பாலத்துல தூங்கிட்டேன், நின்னுடுச்சு."

நந்தகோபால் விடவில்லை. "அப்ப நீங்க வராதப்ப மூடிய லூசா வெச்சு நான் ஒருவாட்டி போய்ப் பாக்கட்டுமா? தெரிஞ்சிடும்."

"நான் இல்லாதப்ப லூசாவா? டீசல யாரு காவல் காக்கறது?"

நந்தகோபால் யோசித்துப் பார்த்தான். எந்தப் பக்கம் போனாலும் அவர்தான் நின்றார். சுவரென்றாலாவது கதவு இருக்கும்.

வக்கார் அகமது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார். "பரவால்லயே வேதாசலம் சார், இன்னைக்கு டைமுக்கு வந்துட்டீங்க. வண்டிக்கு இன்னா கோளாறு?"

கடைப் பையன்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நந்தகோபால் மூடியைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். இங்கே உண்மையைச் சொன்னால் முதலாளியின் மானம் போகும். அவர் மானத்துக்குப் பின்னாலேயே இவன் வேலையும் போகும். லோடுக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

வேதாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். "கோளாறே இல்ல பாய். நான் கூட வந்தா ஓடும், வரலைன்னா நிக்கும். அதுக்கு ஆள் தெரியுது."

வக்கார் அகமது அவரை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி ஜரிகையில் டீசல் கறை இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் சொன்னார்: "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. தினமும் நீங்களே வந்துடுங்க சார். எனக்கு சரக்கு டைமுக்கு வந்தாப் போதும். நீங்க ஒருநாள் வரலைன்னாலும் நான் வேற எடம் பாத்துக்குவேன்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். வேதாசலத்தின் நெஞ்சு நிமிர்ந்தபடியே இருந்தது. கண் மட்டும் எங்கேயோ வழி தேடியது. சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"வந்தாப் போச்சு," என்றார்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். மாதனூர் தாண்டியதும் நந்தகோபால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான். "தலைவரே, சாவிய மேசை மேல வெச்சுடட்டுமா?"

"வெச்சுட்டு? எனக்கு ஓட்டத் தெரியாதே. நீயும் இல்லன்னா யாருய்யா ஓட்டறது?"

அப்படியாக வேலை நிலைத்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு பேரும் போகிறார்கள். லூசாக விட்டால் தன் பித்தளைக்கு மரியாதை இல்லை என்று வேதாசலம் மூடியை இறுக்கித்தான் பூட்டுகிறார். வண்டி இருமும்போதெல்லாம் தானே இறங்கி, வெயிலில் குனிந்து திறக்கிறார். பாரத்தோடு வண்டி மேட்டில் நின்றுவிட்டால், சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பதும் அவர்தான். வெள்ளைச் சட்டை மாறி, இப்போது காக்கி கலர் சட்டையில் வருகிறார். கறை தெரியாது என்கிறார்.

"வேலை போவல. அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்படிக் கீது?" என்று தேவகி கேட்டாள்.

"சந்தோஷப்படணுமா வேணாமான்னு தெரியல தேவகி. நாள் முழுக்க கூட்டத்துல போட்ட தீர்மானத்தையே கேட்டுக்கினு போறேன்."

நேற்று மாதனூர் டீக்கடை ஓரம் வண்டி நின்றது. வேதாசலம் இறங்கிப் போனார். டீ மாஸ்டர் புது ஆள். பாய்லர் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "டிரைவரண்ணே, உங்க டீக்கு சக்கரை கம்மியா போடட்டுமா? கிளீனருக்கு எப்படி?" என்று கேட்டான்.

நந்தகோபால் திரும்பிப் பார்த்தான். டேங்க் பக்கம் குனிந்திருந்த காக்கிச் சட்டை நிமிரவில்லை. கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. மூடியைத் திருகுகிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

"அவருக்கு ஜாஸ்தியாவே போடுப்பா," என்றான்.